காதால் வறுக்கும் கோப்பி



நம் நாட்டுத் தமிழ் எழுத்திலே கோப்பி வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு காட்சிகளே கண்முன் நிற்கும். ஒன்று, மலைச்சரிவில் செடியருகே குனிந்து நிற்கும் கூலியாளின் காட்சி. மற்றையது, ஆவி பறக்கும் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டு நடப்புப் பேசும் வீட்டுக்காரரின் காட்சி. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கால் மணி நேரம் இருக்கின்றது. வாசனையேதும் அற்ற பச்சைக் கொட்டை நெருப்பின்மேல் ஏறி, நாம் அறிந்த கோப்பியாக இறங்குகின்ற கால் மணி நேரம் அது. செடியும் கோப்பையும் பெற்ற கவனத்தை இந்தக் கால் மணி நேரம் பெறவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு அது கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும் அறிவுமாகும். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஓர் உருளையைக் கொண்டு கோப்பி வறுப்பது எப்படி என்பதையும், அந்த வேலைக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றையும் இன்றைய உரையில் நோக்குவோம்.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

1869ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் அச்சாகியது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி என்பது அதன் பெயர். மலையகத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் தொடக்க நூல்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் வடிவம். அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கோப்பிப் பயிர்ச்செய்கையை எவ்வாறு நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் ஆசிரியர். பாட்டின் நடை உழைக்கும் பெண்ணுக்குரியது. பார்வையோ தோட்டத்தை நடத்துபவருக்குரியது. இந்த முரணை மலையக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அதே 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கவனிக்கப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசினால் உண்டாகும் இலைத்துரு நோய் அது. கோப்பி வளர்ப்பது எப்படி என்று சொல்லும் கும்மி அச்சேறிய ஆண்டிலேயே, கோப்பியை அழிக்க வந்த நோயும் அடையாளம் காணப்பட்டது. ஆனாலும் தோட்டத் துரைமார் உடனே அஞ்சிவிடவில்லை. 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கராக விரிந்திருந்தது. அதன்பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கி வைத்த தேயிலை, கோப்பி விட்டுச் சென்ற மலைகளைக் கைப்பற்றிக்கொண்டது.

தேயிலைக்கு முன்பே தமிழகத்திலிருந்து மக்களை இந்நாட்டுக்கு அழைத்து வந்தது கோப்பிதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிட்டர் பெரி பாண்டேஜ் என்ற நூல் இந்தக் கோப்பிக் காலத் தொழிலாளரின் வரலாற்றையே பேசுகின்றது. கசப்புக் கனியின் அடிமைத்தனம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

பச்சையாகக் கப்பலேறிய கொட்டை

மலையிலே பறித்துச் சதை நீக்கிய கோப்பி, மேலோட்டோடு மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு வந்தது. 1864இன் இறுதியில் அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதற்கு முதற்காரணம் இந்தக் கோப்பிதான். கொழும்பிலிருந்த பண்டகசாலைகளின் முற்றங்களில் அது மறுபடியும் வெயிலில் உலர்த்தப்பட்டது. பின் ஓடு நீக்கப்பட்டது. பெண்கள் வரிசையாக அமர்ந்து உடைந்ததையும் கறுத்ததையும் கையால் பொறுக்கினர். கடைசியில் பீப்பாக்களில் அடைத்து, பச்சைக் கொட்டையாகவே கப்பலேற்றினர்.

ஏன் பச்சையாக? இதற்கு விடை தெரிந்தால், வீட்டில் வறுப்பதன் நியாயமும் விளங்கிவிடும். நன்கு உலர்ந்த பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரமே இருக்கும். ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் அது கெடாது. வறுத்த கொட்டையோ சில வாரங்களில் மணம் குன்றிவிடும். அரைத்த தூள் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தை வீடுகளில் ஈரத்தை உறிஞ்சி இன்னும் விரைவாகக் கெடும். ஆகவே, வறுத்தல் என்பது குடிப்பவருக்கு எவ்வளவு அருகில் நடக்கின்றதோ அவ்வளவு நல்லது. அக்காலத்தில் அது இலண்டன் வியாபாரிகளின் கையில் இருந்தது. செடியை வளர்த்தவரும், கொட்டையைப் பொறுக்கிய பெண்ணும், தாம் தொட்ட பொருளின் உண்மையான மணத்தை அறியாமலே வேலை செய்திருக்கக்கூடும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தாச்சியும் உருளையும்

பெருந்தோட்டக் கோப்பி அழிந்த பின்னும் கோப்பிச் செடி இந்நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் மிளகோடும் கராம்போடும் அது தொடர்ந்து நின்றது. அங்கிருந்து வந்த கொட்டை யாழ்ப்பாணத்துக் குசினிகளை அடைந்தது. விறகடுப்பிலே தாச்சியை வைத்து, அகப்பையால் இடைவிடாது கிளறி, நன்கு கறுக்கும்வரை வறுப்பார்கள். மல்லியையும் வேர்க்கொம்பையும் வேறாக வறுத்துக் கலந்து உரலில் இடிப்பார்கள். செத்த வீட்டிலும் திருவிழா இரவிலும் பனங்கட்டியோடு கையில் கொடுக்கப்பட்ட வெறுங்கோப்பி அப்படிப் பிறந்ததுதான். அயலவர் வந்து முற்றத்தில் அமர்ந்ததும், வீட்டுக்காரர் வாய்திறந்து எதுவும் சொல்ல முடியாத வேளையில், அந்தக் கோப்பியே வரவேற்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் இன்னொரு வழக்கம் இருந்தது. கரியடுப்பின்மேல் ஓர் இரும்பு உருளையைப் படுக்கையாக வைத்து, அதன் ஊடாகச் செல்லும் கம்பியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வறுப்பார்கள். இத்தகைய உருளை மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. 1864இல் நியூயோர்க்கில் ஜேபஸ் பேர்ன்ஸ் என்பவர், நெருப்பிலிருந்து தூக்காமலே கொட்டையை வெளியே கொட்டக்கூடிய உருளைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பெரும் ஆலைகளின் இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

தாச்சிக்கும் உருளைக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. தாச்சியில் கொட்டையின் ஒரு புறம் மட்டுமே சூட்டில் படும். மறுபுறம் காற்றில் குளிரும். விறகடுப்பின் அகன்ற அனல் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. 1983இன் பின்னரும் 1990களிலும் போரினால் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையில் அறைகளிலும் மாடி வீடுகளிலும் தங்கின. அங்கே விறகும் இல்லை, உரலும் இல்லை, முற்றமும் இல்லை. காஸ் அடுப்பின் சிறிய வளையச் சுவாலையில் தாச்சியை வைத்தால் நடுவில் உள்ள கொட்டை கருகும், ஓரத்தில் உள்ளது பச்சையாக நிற்கும். புகைக்குப் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனாலேயே பல வீடுகளில் வறுக்கும் வழக்கம் நின்று, கடைத்தூள் வந்தது. வறுக்கத் தெரிந்த தாயின் கைக்கு வேலை இல்லாமற் போயிற்று. உருளை இந்தச் சிக்கலுக்கு ஏற்ற தீர்வு. மூடிய வெப்பத்துக்குள் கொட்டைகள் ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால் எல்லாப் புறமும் ஒரே அளவாக வேகும்.

உருளை செய்யும்போது ஓர் எச்சரிக்கை

செய்முறை கடினமானதன்று. பன்னிரண்டு சென்ரிமீற்றர் குறுக்களவும் பதினெட்டு சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட ஓர் உருளை 250 கிராம் பச்சைக் கொட்டைக்குப் போதும். உட்சுவரில் மூன்று நான்கு சிறு தகடுகளைச் சற்றுச் சரிவாகப் பொருத்த வேண்டும். அவை கொட்டையை அள்ளி அள்ளிக் கொட்டும். அவை இல்லாவிட்டால் கொட்டை அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடக்கும். நடுவால் ஓர் இரும்புக் கம்பி, அதன் நுனியில் மரக் கைப்பிடி, இருபுறமும் தாங்குவதற்குக் குழிவு வெட்டிய இரண்டு கால்கள், கொக்கியோடு கூடிய ஒரு சிறு கதவு. இவ்வளவே தேவை. மூன்றிலொரு பங்குக்குமேல் நிரப்பக்கூடாது. வறுபடும்போது கொட்டை ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பருத்துவிடும்.

கையால் சுற்றலாம், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது சுற்று போதுமானது. மோட்டர் வேண்டும் என்பவர்கள் பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கடைகளில், கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டர் ஒன்றைத் தேடலாம். 12 வோல்ற்றில் இயங்கும் அந்த மோட்டரின் வேகம் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். வேகம் அளவுக்கு மிஞ்சினால் கொட்டைகள் சுவரோடு ஒட்டிச் சுழலுமே தவிரப் புரளமாட்டா.

எச்சரிக்கை உருளையின் உலோகத்தைப் பற்றியது. வீட்டில் கிடக்கும் பால்மாத் தகரத்தையோ பிஸ்கற் தகரத்தையோ எடுத்து இதனைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றும். கோப்பி வறுபடுவது 200 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். ஆகவே அவ்வாறு பற்றவைத்த தகரம் நெருப்பில் பிரியும். பிரிவதற்கு முன்னரே ஈயம் உணவில் கலக்கும். மேலே தகரத்துக்குப் பூசிய வெள்ளீயமும் 232 பாகையில் உருகும். வர்ணம் தீட்டிய தகரம் நச்சுப் புகை விடும். நாகம் பூசிய கல்வனைஸ் தகரமும் இந்தச் சூட்டுக்கு ஏற்றதன்று. எவர்சில்வர்த் தகட்டை வளைத்து, ஆணி அறைந்தோ வெல்டிங் செய்தோ இணைப்பதே சரியான வழி. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்தில் வெல்டிங் வேலை செய்பவர் ஒருவரிடம் அளவைக் கொடுத்தால் செய்து தருவார்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கரியடுப்பை மூடிய அறைக்குள் வைக்கக்கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. திறந்த பல்கனியிலோ மொட்டை மாடியிலோ மட்டுமே கரியில் வறுக்க வேண்டும். காஸ் அடுப்பானால் யன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும். கொட்டையிலிருந்து உதிரும் மெல்லிய தோல் காய்ந்த சருகு போன்றது, எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பை விட்டு அகலக்கூடாது.

இரண்டு வெடிப்புகள்

இனி வறுத்தலுக்கு வருவோம். உருளைக்குள் கொட்டை மறைந்துவிடுவதால் கண்ணுக்கு வேலை குறைவு. மூக்குக்கு வேலை உண்டு; ஆனால் புகை கிளம்பிய பின் மூக்கும் தடுமாறும். நம்பக்கூடியது காதுதான்.

முதல் நான்கைந்து நிமிடங்கள் கொட்டை ஈரத்தை விடுகின்றது. பச்சை நிறம் மங்கி மஞ்சளாகும். புல்லின் மணம் மாறி, பாண் சுடும் மணம் எழும். பிறகு கபில நிறம் ஏறும். சீனிப்பொருளும் புரதப்பொருளும் சூட்டில் கூடிப் புதிய மணங்களைப் பிறப்பிக்கும் கட்டம் இது. பாண் தோலுக்கும் வறுத்த கச்சானுக்கும் மணம் தருவதும் இதே மாற்றந்தான். ஒன்பது, பத்து நிமிடமளவில், வெப்பம் 200 பாகையை நெருங்கும் வேளையில், உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறும். சோளம் பொரிவது போல, ஒன்று, இரண்டு, பின் பலவாக, தெளிவான பட் பட் என்ற ஓசை கேட்கும். இது முதலாம் வெடிப்பு. இந்த வெடிப்பு முடிந்த கட்டத்தில் இறக்கினால், புளிப்பும் கொட்டையின் சொந்தச் சுவையும் நிறைந்த இளவறுப்புக் கிடைக்கும்.

பின் ஒரு சிறு மௌனம். பழகாதவர் இந்த மௌனத்தில்தான் ஏமாறுவர். வேலை முடிந்துவிட்டது என்றோ, நெருப்புப் போதவில்லை என்றோ எண்ணுவர். உண்மையில் கொட்டை இப்போது மிக விரைவாக மாறிக்கொண்டிருக்கின்றது. மீண்டும் ஓசை எழும். ஆனால் இது வேறு ஓசை. காய்ந்த சருகைக் கையால் நொறுக்குவது போன்ற மெல்லிய சடசடப்பு. 225 பாகையளவில் கேட்கும் இதுவே இரண்டாம் வெடிப்பு. எண்ணெய் மேலே கசியத் தொடங்கும். நம் வீடுகளில் பழகிய கருங்கோப்பி வேண்டுமானால் இதன் தொடக்கத்திலேயே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கரி. நமது நாட்டு வீட்டுத் தோட்டங்களில் கூடுதலாகக் கிடைக்கும் ரொபஸ்டா இனம் இந்த ஆழ்ந்த வறுப்பைத் தாங்கும். அரபிக்காவாயின் சற்று முன்னரே இறக்குவது நல்லது.

மணிக்கூட்டைப் பார்த்து இதைச் செய்ய முடியாது. கொட்டையின் ஈரமும் கரியின் அனலும் காற்றும் நாளுக்கு நாள் வேறுபடும். கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். தாச்சியின் அருகே நின்ற நம் அன்னையர் வானொலியில் செய்தி கேட்டபடியும் பிள்ளைகளை அதட்டியபடியும் வறுத்தார்கள்; ஆயினும் அந்தச் சடசடப்பு எழுந்ததும் கை தானாகத் தாச்சியை இறக்கியது. எழுதப்படாத கல்வி என்பது இதுதான்.

ஆறவிடுதல்

இறக்கிய கொட்டை உள்ளிருக்கும் சூட்டினால் தொடர்ந்து வறுபடும். ஆகவே உடனே அகன்ற சுளகில் கொட்டிப் புடைக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். உதிர்ந்த தோலும் சுளகோடு பறந்துவிடும். 250 கிராம் பச்சைக் கொட்டை ஏறத்தாழ 205 கிராமாகக் குறைந்திருக்கும். உடனே அரைக்கவும் கூடாது. புதிதாக வறுத்த கொட்டை காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள், மூடியை இறுக்காத போத்தலில் வைத்துப் பின் அரைத்தால் சுவை அமைதி பெறும். மல்லியைக் கோப்பியோடு சேர்த்து உருளையில் போடக்கூடாது. அது மென்மையானது, கோப்பி பாதி வேகும்முன் கருகிவிடும். வேறாக, இளஞ்சூட்டில், மணம் எழும் அளவுக்கு வறுத்துச் சேர்ப்பதே முறை.

எழுதப்படாத பகுதி

நேயர்களே, 1869இன் கும்மி நடுவதையும் வளர்ப்பதையும் பாடியது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் அம்மக்களின் சொந்தக் குரலையே நாம் கேட்கிறோம். பண்டகசாலையில் கொட்டை பொறுக்கிய பெண்களின் பாட்டை எழுதிவைத்தவர் இல்லை. குசினியில் வறுத்த பெண்களின் அறிவையும் எழுதிவைத்தவர் மிகச் சிலர். கோப்பிக்காக நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டபோதும், காலையில் கோப்பியைக் குடித்த பட்டினத்து வீடுகள் பலவற்றில் அந்தச் சுவைக்கும் அந்த மக்களுக்கும் உள்ள தொடர்பு நினைக்கப்படவில்லை. உருளை ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வதால் அந்த அநீதி தீர்ந்துவிடாது. ஆனால் 250 கிராம் கொட்டையைக் கையால் பொறுக்கி, கால் மணி நேரம் நெருப்பருகே நின்று சுற்றிப் பார்த்தவருக்கு, கோப்பி என்பது பைக்கற்றில் பிறக்கும் தூள் அல்ல என்பது எளிதில் மறக்காது.

வெள்ளவத்தை வீடுகளில் தாச்சியில் வறுத்த தலைமுறையினர் இன்னமும் இருக்கிறார்கள். எந்த ஓசையில் இறக்குவீர்கள், மல்லி எவ்வளவு சேர்ப்பீர்கள், வேர்க்கொம்பு ஏன் என்று அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விடை மாறும். அந்த வேறுபாடுகளே நமக்கு வேண்டியவை. கும்மி பாடாமல் விட்ட பகுதியை அவர்களின் வாய்ச்சொல்லே நிரப்பும்.